பதினேழாம் எண்ணின் நடை

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், நின்ற இடத்தை விட்டு நகராமல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள் என் அக்கா. ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை நடப்பது. சும்மா நடப்பதுதான். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நான் கதை விடுவதாகவே நினைப்பார்கள்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான். கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் ஆராய்ச்சி நடந்தது. அங்கே ஸ்டோர் என் பொறுப்பு. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோபுரம், அதன் உச்சியில் கேமரா. அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் படத்தில் யாருக்கும் முகம் இருக்காது. நடையை மட்டும் வைத்து இவர் இன்னார் என்று இயந்திரம் சொல்ல வேண்டும். உளவுத் துறைக்கு அப்படி ஒன்று தேவையாம். இயந்திரத்தைக் குழப்புவதற்காக நடப்பவர்களுக்குக் கோட்டு, குடை, கனமான பை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பேன். மொத்தம் நாற்பது பேர் நடந்தார்கள். அக்காவோடு அத்தானும் சேர்ந்துகொண்டார். அவர் பதினேழாம் எண், அக்கா பதினெட்டு.

பணம் கொடுத்த அலுவலகம் ஒரு விசித்திரம். நடக்கவே நடக்காது என்று நாலு பேர் அடித்துச் சொல்லும் காரியமாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பத்தில் ஒன்பது மண்ணைக் கவ்வும் என்று அவர்களுக்கே தெரியும். இப்படி நான் என் வீட்டில் செலவு செய்திருந்தால் கட்டி வைத்து உதைத்திருப்பார்கள். ஆனாலும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பரீட்சை. தேறாவிட்டால் அன்றோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். பரீட்சை வைக்க வரும் அதிகாரி அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். எப்போதும் சிரித்த முகம். அதுதான் கூடுதல் பயம்.

அத்தான் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடும் பஸ்ஸில் விழாமல் நிற்கப் பழகிய கால்கள் தரையிலும் அகன்றுதான் விழும். இடது தோள் லேசாகச் சாயும். "ஏன் அத்தான், தரையிலயுமா இப்படி?" என்று கிண்டல் செய்தால், "இது எப்ப பிரேக் போடும்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

வெயில் நாளில் ஓடுதளத்தில் கானல் எழும்பும். திரையில் பார்த்தால் நடப்பவர்களின் பாதங்கள் கரைந்து போயிருக்கும். முகமும் இல்லாமல் பாதமும் இல்லாமல் மிதந்து வருவார்கள், மிதந்து போவார்கள். வேலை இல்லாத நேரங்களில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற மாதிரி இருக்கும்.

முதல் கட்டப் பரீட்சையில் தேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அத்தான் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் கட்டம் தொடங்கியதும் அக்கா தனியாக வந்து நின்றாள். "வீட்ல உக்காந்து என்னத்தடா பண்றது?" என்றாள்.

நாலாவது வாரம் சோடாபுட்டி என்னைக் கூப்பிட்டான். அவன்தான் இயந்திரத்தைப் பழக்கும் இன்ஜினியர். கண்ணாடி அவ்வளவு தடிமன்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் குடை பிடித்து மிதந்து வந்தது. கீழே பதினேழு என்று விழுந்தது. நடப்பது என் அக்கா.

"செருப்பை மாத்திப் பார்த்தாச்சு, கோட்டை மாத்திப் பார்த்தாச்சு. போன கட்டத்துல ரெண்டு பேரையும் ஒரு தடவைகூடக் குழப்பிக்கல. இப்ப உங்க அக்கா எப்ப நடந்தாலும் உங்க அத்தான்னு சொல்லுது."

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கோ வேறு கவலை. இறந்த ஆளை உயிரோடு நடமாடுவதாகக் காட்டுவதைப் போலக் கெட்ட பிழை உளவு வேலையில் கிடையாதாம். அறிக்கையிலும் அதை எழுதி மேலே அனுப்பியாயிற்று. பரீட்சையில் இதே பிழை வந்தால் எல்லாம் முடிந்தது. பட்டியலில் இருக்கும் யாரையும் நடக்காமல் நிறுத்த விதி இடம் கொடுக்காது. ஆனால் இறந்தவரின் பதிவுகளை, குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால், அழித்துவிடலாம். பதினேழே இல்லையென்றால் இயந்திரம் எப்படிப் பதினேழு என்று சொல்லும்? படிவத்தை என் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள்.

அத்தானுக்குப் படம் எடுத்தாலே ஆகாது. கல்யாணப் போட்டோவில்கூடப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நடமாடுகிற அத்தான் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கோபுரத்துப் படங்களில் மட்டும்தான். அது தெரிந்தும் நான் போனேன். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா படிவத்தை இரண்டு முறை படித்தாள்.

"வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சுடா," என்றாள். "காலையில அவர் சமையல்கட்டுல இருந்து ஜன்னல் வரைக்கும் நடப்பார் இல்ல, அந்தத் தரைப்பலகை கிறீச்சுனு கத்தும். நான் நடந்தா கத்தாது. ஒருநாள் அவர மாதிரியே காலை அகட்டி வெச்சு நடந்து பார்த்தேன். கத்துச்சு. அப்புறம் தினமும் நடந்தேன். வெளியிலயும் அதே வந்துருச்சு போல."

படிவத்தை மடித்து என் கையிலேயே திணித்தாள்.

"அவர அழிக்கச் சொல்லிக் கையெழுத்தெல்லாம் போட முடியாது. என் நடைய நான் மாத்திக்கறேன். ஆமா, நான் முன்ன எப்படிடா நடப்பேன்?"

எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடமாக அவள் பின்னாலேயே திரிந்தவன் நான். ஒருநாளும் கவனித்ததில்லை.

சோடாபுட்டிதான் முதல் கட்டப் படங்களைப் போட்டுக் காட்டினான். சின்னச் சின்ன அடி, விறுவிறுவென்ற வேகம், இஸ்திரி போட்ட துணியை நீவுகிற மாதிரி பக்கவாட்டில் அசையும் ஒரு கை. "யாருடா இவ, இவ்வளவு அவசரமா எங்க போறா?" என்று அக்கா சிரித்தாள். பிறகு ஸ்டோருக்கு வெளியே இருந்த நீண்ட தாழ்வாரத்தில் மூன்று வாரம் அந்தப் பெண்ணைப் போல நடந்து பழகினாள். வீட்டிலும் அத்தானின் நடையை விட்டுவிட்டாள். விடாவிட்டால் இது படியாது என்றாள்.

பரீட்சை நாள் வந்தது. கத்தரிக்கோல் அம்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அக்கா கோட்டுப் போட்டு நடந்தாள், பதினெட்டு. குடையோடு நடந்தாள், பதினெட்டு. பையைச் சுமந்து நடந்தாள், அப்போதும் பதினெட்டு. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

கத்தரிக்கோல் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பதினேழு எங்கே?" என்றார்.

சோடாபுட்டி பெருமையாகச் சொன்னான். "சரி பண்ணிட்டோம் மேடம்."

"யார் சரி பண்ணச் சொன்னாங்க? நீங்க பாஸ், அதை விடுங்க. நான் அந்தப் பிழையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒருத்தர் நடை இன்னொருத்தர் உடம்புல குடியேறுமான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல. அடுத்த கட்டப் பணமே அதுக்குத்தான் எழுதி வெச்சிருக்கேன்."

தோற்பதற்குப் பணம் கொடுக்கும் அலுவலகம் என்று ஊரெல்லாம் கேலி பேசியவன் நான். அப்படிப்பட்டவர்களுக்குப் பிழைதான் பிடிக்கும் என்பது மட்டும் என் மரமண்டையில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

அக்கா உள்ளே வந்ததும் அந்த அம்மா எழுந்து நின்று கேட்டார். "அம்மா, உங்க வீட்டுக்காரரோட அந்த நடைய ஒரே ஒரு தடவை நடந்து காட்டுவீங்களா?"

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. கோட்டைக்கூட மாட்டாமல் ஓடுதளத்தின் அந்தக் கோடிக்குப் போனாள். உச்சி வெயில், கானல் அலையலையாக எழுந்தது. அதற்குள்ளிருந்து ஓர் உருவம் மிதந்து வந்தது. அகன்ற கால், சாய்ந்த இடது தோள். என் கண்ணுக்கு அத்தானே வருவது போலத்தான் இருந்தது.

பதினெட்டு என்றது இயந்திரம். திரும்பப் போய் நடந்தாள். பதினெட்டு. மூன்றாம் முறை இன்னும் நிதானமாக, ஒவ்வோர் அடியாக யோசித்து யோசித்து வைத்து வந்தாள். அப்போதும் பதினெட்டுதான்.

கையில் கட்டியிருந்த எண் பட்டையைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்கு வந்தாள்.

"வரல, இல்ல?"

"வெயில் அதிகம்க்கா. நாளைக்கு நடந்து பார்க்கலாம்."

"இல்லடா. நானே விரட்டி விட்டேன் இல்ல? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்."

சொல்லிவிட்டு, சின்னச் சின்ன அடியாக, விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.