நேபாள நிபுணர் அம்மையப்பன்

அரியலூர்க்கார அம்மையப்பன் துபாய் அல் கூஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் பாஸ். கேம்பில் பாதிப் பேர் நேபாளிகள். அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளும் சிரமத்தை அவன் எடுத்துக்கொண்டதே இல்லை. எல்லாரும் அவனுக்குப் ‘பகதூர்’தான்.

நேபாளத்தில் மன்னராட்சி ஒழிந்த வருஷம், 2008இல், லண்டனிலிருந்து சேதுமாதவன் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். பூர்வீகம் பாலக்காடு, தமிழ் பேசுவார். வளைகுடா நேபாளிகள் தங்கள் நாட்டு அரசியலை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஆய்வாம். நேபாளியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல!

“நேபாளி நமக்குத் தண்ணி பட்ட பாடு சார், நான் சொல்றேன்” என்று அம்மையப்பன் முன்னால் வந்து நின்றான்.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் பேட்டி நடந்தது. நான் எலக்ட்ரீஷியன், ஏணியில் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். கம்பி கட்டும் பிஷ்ணு தாரு, இந்தி கலந்த நேபாளியில் கோபமாகப் பேசினான். ராஜா போனது நல்லது, ஆனால் தங்கள் நிலம் இன்னும் ஜமீன்தார் கையில்தான், அது திரும்பி வராமல் என்ன குடியரசு என்றான். எனக்குத் தெரிந்த இந்திக்கே அவ்வளவும் புரிந்தது.

அம்மையப்பன் தொண்டையைச் செருமினான். “ராஜா தெய்வம் மாதிரி, அவரு போனதுலேருந்து சோறே எறங்கலங்கிறான் சார்.”

“இல்ல சார், அவன் சொன்னதே வேற” என்றேன்.

“வயர் வேலைய மட்டும் பாருடா” என்றான் அம்மையப்பன்.

“ப்ளீஸ், குறுக்கே பேசாதீங்க” என்றார் ஆராய்ச்சியாளர். அவருக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது; முகம் மலர்ந்துபோயிருந்தது. பிஷ்ணு எழுந்து துணி துவைக்கப் போய்விட்டான்.

அடுத்த வருஷம் கட்டுரை அச்சாகி வந்தது. நேபாளத் தொழிலாளிகள் ராஜவிசுவாசிகளாம், எதையும் எதிர்த்துக் கேட்காதவர்களாம். கடைசியில் ‘நேபாளச் சமூகத்தை நன்கறிந்த’ அம்மையப்பனுக்கு நன்றி. அந்தப் பக்கத்தை அவன் ஃபிரேம் போட்டு ஆபீஸில் மாட்டினான். ஆணி அடித்தவன் நான்.

அந்தக் கோடையில் கேம்பில் குடிதண்ணீர் உப்புக் கரித்தது. எதிர்த்துக் கேட்காத அந்த நேபாளிகள், பிஷ்ணு தலைமையில், வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார்கள். மானேஜர் முகம்மது சித்தீக் ஓடி வந்தார்.

“நேபாள எக்ஸ்பர்ட்டாமே நீ? போய்ப் பேசு!”

அம்மையப்பன் முற்றத்தில் நின்று, “பகதூர் பாய்… அச்சா… பானி… யல்லா, ஜல்தி!” என்றான். அரைகுறை இந்தியையும் அரபியையும் தாண்டி நேபாளியில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. முற்றமே சிரித்தது. சித்தீக் அவனை ஒதுக்கிவிட்டு, பிஷ்ணுவோடு நேராக இந்தியில் பேசினார். மத்தியானத்துக்குள் நல்ல தண்ணீர் லாரி வந்தது.

அம்மையப்பனை ஷார்ஜா தொழில்பேட்டைக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே முக்கால்வாசிப் பேர் வங்காளிகள். போன மாதம் அந்தப் பக்கம் வேலைக்குப் போனபோது பார்த்தேன். வங்காளிகளின் மனசு தனக்கு அத்துப்படி என்று யாரிடமோ அளந்துகொண்டிருந்தான்.