அடி ஒரு தட்டுக்கு, காயம் இன்னொரு தட்டுக்கு

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிக்கனம் அக்கா, அவ்வளவுதான். பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுப்பாள். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டாள் என்று கேலி பேசியவர்கள்கூட, செல் வளர்ப்பதில் அவள் கைராசியை மட்டும் குறை சொன்னதில்லை. மற்றவர்கள் வளர்த்தால் வாடும் செல், அவள் வளர்த்தால் தட்டு நிறையப் பரவும்.

அவள் வேலை இதுதான். வட்டமான பிளாஸ்டிக் தட்டுகளில் மனிதச் செல்களை வளர்ப்பாள். மேலே இளஞ்சிவப்பாக ஒரு திரவம் நிற்கும், மீடியம் என்பார்கள். செல்லுக்குச் சோறு, தண்ணீர் எல்லாமே அதுதான். சில தட்டுகளுக்கு மட்டும் எக்ஸ்ரே கதிர் காட்டுவாள். மற்றவை கதிரே படாமல் தனியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதிர் என்ன செய்தது என்று சொல்ல முடியும். கதிர் படாத தட்டு கெட்டால், படிக்கல்லே எடை குறைந்த தராசு மாதிரி, மொத்தமும் வீண்.

பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாற்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சிக்குத் திரும்பியவள் அவள். வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் துறைத்தலைவி டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. அந்தக் கையெழுத்துக்கு நாள் நெருங்கியிருந்த நேரம் பார்த்துத்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

புது மீடியம் வந்து சேரவில்லை. கதிர் படாத தட்டுகள் பட்டினி கிடந்தன. அன்றைக்குத்தான் கதிர் பட்ட தட்டுகளின் வேலை முடிந்து, அவற்றின் மீடியத்தைத் தொட்டியில் கொட்டப் போனாள். கொட்ட மனசு வருமா அவளுக்கு? அருமையான மீடியம்! நுண்வடிகட்டியில் ஒரு செல்கூட நழுவாமல் வடிகட்டி, பட்டினித் தட்டுகளில் ஊற்றிவிட்டாள். ஊற்றியபோது பெருமையாகக்கூட இருந்ததாம், கர்மம்!

சில நாளில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதிரையே பார்க்காத செல்களின் உட்கருவுக்குப் பக்கத்தில் உடைந்த சின்னச் சின்னத் துண்டுகள். கதிர் பட்ட செல்லில் தெரியும் அதே காயம். மூடி மறைத்திருக்கலாம். அவளுக்கு அது தெரியாது. நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மிச்சம் பிடிக்கிறதுக்கு ஒரு அளவு வேணாமா? ஆறு மாசத்து வேலை! எல்லாத்தையும் தூக்கிப் போடு. ஏதோ கிருமி புகுந்திருக்கும். இப்படிப்பட்ட கைய நம்பி அடுத்த வருஷம் நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"நான் ஊத்தினது தப்புதான், டாக்டரம்மா. ஆனா கிருமி இல்ல. பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"போ, அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுநர், எதையும் சிரித்தே தீர்க்கிற ஆள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "அடி வாங்கினது அந்தத் தட்டு. இந்தத் தட்டு ஏன் சாகணும்? பாவம் ஓரிடம் பழி ஓரிடமா இருக்கே!"

"இதுல என்ன அதிசயம்? என் வண்டியில முன்சீட்டுல ஒருத்தன் வாந்தி எடுப்பான். பக்கத்து சீட்டுக்காரன் நல்லாத்தான் இருப்பான். அந்த நாத்தம் பட்டதும் அவனும் எடுப்பான். அப்புறம் வண்டியே நாறிடும்."

"சீ, சாப்பிடுற நேரத்துல!" என்றவள் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே நின்றாள். அடிபட்ட செல் எதையோ மீடியத்தில் கக்கியிருந்தால்? வடிகட்டி செல்லைத்தான் நிறுத்தும், கரைந்ததை நிறுத்தாதே! புருஷன் அவள் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவின் கதவருகே நின்று பிடிவாதமாகக் கேட்டாள். "ஒரே ஒரு தரம் செஞ்சு பார்க்க விடுங்க. தப்பா வந்தா நானே போயிடுறேன், நீங்க சொல்லவே வேணாம்."

"உன்னை நம்பி விடமாட்டேன். நானே ஊத்துறேன். எதுல எதுன்னு உனக்குச் சொல்லமாட்டேன்."

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

டாக்டரம்மா சொன்னபடியே செய்தார். கதிர் பட்ட செல்களின் மீடியம் ஒன்று. கதிர் படாத செல்களின் பழைய மீடியம் ஒன்று. செல்லே இல்லாமல், வெறும் மீடியத்துக்கு மட்டும் கதிர் காட்டியது ஒன்று. மூன்றையும் வடிகட்டி, கதிர் படாத செல்கள் மேல் ஊற்றி, மூடியில் சிவப்பு, நீலம், பச்சைப் பொட்டு ஒட்டினார். எந்த நிறம் எது என்பது அவர் மனசுக்கு மட்டும் தெரியும்.

பார்க்கும் நாளில் கூடமே அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவள் வேலையும் மானமும் அந்தக் கண்ணாடிக்கு அடியில் இருந்தன. சிவப்பைப் பார்த்தாள், செல்கள் நலம். நீலத்தைப் பார்த்தாள், நலம். பச்சையை வைத்துப் பார்த்தாள். உடைந்த துண்டுகள், ஒன்றா இரண்டா!

"பச்சைதான், டாக்டரம்மா. அடிபட்ட செல்லோட மீடியம் பச்சை."

டாக்டரம்மா அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தார். பிறகு நிறங்களை மாற்றி மறுபடி ஒரு தரம், இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் அவள் சரியாகச் சொன்னாள். கடைசித் தரம் டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார். அந்தக் கூடத்தில் அந்தச் சிரிப்பை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"வெறும் மீடியத்துக்குக் கதிர் காட்டினா ஒண்ணும் ஆகல. செல் இருந்தாத்தான் ஆகுது. அடிபட்டது பக்கத்துல இருக்கிறதுக்கு எதையோ அனுப்புது! வேற இடங்கள்லயும் இதைப் பார்த்து எழுதியிருக்காங்க, தெரியுமா? நான்தான் அலட்சியமா விட்டுட்டேன். நம்ம செல்லுலயே நடக்குதுடி! இனிமே கதிர் பட்ட இடத்தை மட்டும் பார்த்தாப் போதாது, பக்கத்தையும் பார்க்கணும்." சந்தோஷத்தில் அவளை 'டி' போட்டுவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து அன்றைக்கே விழுந்தது. கட்டுரை எழுத உட்கார்ந்தபோது முதல் பெயராக அவள் பெயரைப் போட்டார் டாக்டரம்மா. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேலே படித்துக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றாள். கதிர் பட்ட தட்டின் மீடியம் திட்டமிட்டு மற்றத் தட்டுகளில் ஊற்றப்பட்டது என்று இருந்தது.

"இது பொய்யாச்சே, டாக்டரம்மா. முதல் தரம் தவறுதலா ஊத்தினதுன்னு போடுங்க."

"ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நான் நல்லா யோசிச்சுச் செஞ்ச எதுவும் இவ்வளவு நல்லா வந்ததில்ல."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். பிறகு 'திட்டமிட்டு' என்பதை அடித்துவிட்டு, 'தவறுதலாக' என்று தன் கையாலேயே எழுதினார்.