சாமிக்கு வைத்த ஃபிளாப்பி

ஆயுத பூஜை வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொரி கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், சுண்டல் கொடுத்தால் தின்பேன். ஆனால் சந்தனக் கிண்ணத்தோடு யாராவது எதிரே வந்தால் அந்த இடத்தில் நிற்க மாட்டேன். காரணத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டி அப்பாவுக்கு ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. பம்ப்செட் கம்பெனிகளுக்கு சாஃப்ட், அதாவது மோட்டாருக்குள் சுழலும் இரும்புத் தண்டு, கடைந்து கொடுப்பதுதான் தொழில். காலேஜ் முடித்த நான் பட்டறைப் பக்கம் தலைகாட்டாமல், தினமும் பஸ் ஏறி காந்திபுரத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தேன். கணக்கு எழுதும் வேலைக்குப் படிப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நான் அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். சுடுகிற விளையாட்டோ ஓடுகிற விளையாட்டோ இல்லை. யோசித்து, திட்டம் போட்டு, முறை வைத்து ஆடுகிற விளையாட்டு.

எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லித்தர ஊரில் ஒருத்தரும் இல்லை. புத்தகமும் இல்லை. ராஜா, கோட்டை, யானைப்படை என்றுதான் முதலில் இறங்கினேன். யானை வரையப் போனால் எருமை வந்தது. சரி, எருமையாகவே இருக்கட்டும் என்று நடக்கவிட்டால் அதுவும் நகராமல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெறுத்துப்போய் படத்தையே விட்டுவிட்டேன். திரை முழுக்கக் கட்டம், கட்டத்துக்கு ஓர் இங்கிலீஷ் எழுத்து, அவ்வளவுதான். ராஜாவையும் துரத்திவிட்டு எனக்குத் தெரிந்த சண்டையை வைத்தேன். ஒரு வாய்க்கால், அதன் ஓரத்தில் நான்கு தோட்டம். ஒன்று ஆடுகிறவருக்கு, மற்ற மூன்றும் கம்ப்யூட்டருக்கு. ஒவ்வொரு முறையும் என்ன நடுவது, எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று முடிவு பண்ண வேண்டும்.

ஓடவிட்டுப் பார்த்தால் மேல்மடைத் தோட்டம்தான் ஜெயித்தது. எப்படி மாற்றி ஆடினாலும் அதுவேதான். தலைமாட்டில் இருக்கிறவன் தண்ணீரை மறித்துக்கொண்டு கரும்பு போட்டால் கீழே இருக்கிறவன் என்ன செய்வான்? நிஜத்தில் அப்படித்தானே நடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரே வழியில் எப்போதும் ஜெயிக்கலாம் என்றால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இது புரியவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. அப்புறம் தண்ணீர் அதிகமானால் மஞ்சள் அழுகும், கரும்பையே திரும்பத் திரும்பப் போட்டால் மண் சோரும், கீழ்மடைக்காரர்கள் இருவர் சேர்ந்தால் முறைத் தண்ணீர் கேட்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒருநாள் கம்ப்யூட்டர் என்னையே தோற்கடித்தது. நான் எழுதியது என்னைத் தோற்கடிக்கிறது! அந்தச் சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நான் பார்க்கவில்லை.

சென்டரில் பாடம் எடுத்த சார் ஆடிப் பார்த்துத் தோற்றார், திட்டினார், மறுபடி உட்கார்ந்து மறுபடி தோற்றார். அவருடைய சிநேகிதர் ஒருவர் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தார். பூஜை லீவுக்கு ஊருக்கு வருகிறவர், விஜயதசமி காலையில் சென்டருக்கு வந்து பார்த்துவிட்டு மத்தியானம் ரயில் ஏறிவிடுவார். பிடித்திருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று சார் சொன்னார்.

வீட்டில் விஷயத்தை உடைத்தேன். கோலிகுண்டு செய்கிறவனைத் தொழில்காரன் என்று யாராவது சொல்வார்களா என்று அப்பா கேட்டார். அம்மா இடையில் புகுந்து பேசிய பிறகு அப்பா ஒரு வழியாக இறங்கி வந்தார்.

"அந்தாளு பாக்கட்டும். புடிச்சுதுன்னா பெங்களூரு போ. இல்லீன்னா அடுத்த நாள்ல இருந்து பட்டறைக்கு வந்துரோணும். பேச்சு மாறக் கூடாது கண்ணு."

"செரிங்கப்பா" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சென்டர் கம்ப்யூட்டரில் எதையும் விட்டுவைக்க முடியாது, அடுத்து வரும் பேட்ச் அழித்துவிடும். அதனால் விளையாட்டு இருந்தது ஃபிளாப்பியில். அப்பள அகலத்துக்குச் சதுரமான, பழைய மாதிரி ஃபிளாப்பி. கறுப்பு மேல்தோலில் ஜன்னல் மாதிரி ஒரு நீளத் திறப்பு இருக்கும், அதில் உள்ளே இருக்கும் தட்டு தெரியும். கம்ப்யூட்டர் படிப்பது அந்த இடத்தில்தான். விரல் பட்டாலே கெட்டுவிடும் என்று முதல் நாளே சொல்லித்தான் கொடுப்பார்கள். நான் கெட்டிக்காரன் அல்லவா, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று காப்பி எடுத்து, இரண்டையும் காகித உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்று வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்க என்னை மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டத்தில் மாட்டித் திரும்பிவரும்போது பட்டறையில் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு மாலை. முன்னால் வாழை இலையில் ஸ்பேனர், அளவு பார்க்கும் வெர்னியர், ரம்பம். அவற்றுக்கு நட்டநடுவில் என் ஃபிளாப்பிகள் இரண்டும் உறையில்லாமல் படுத்திருந்தன. அந்த ஜன்னலில், சரியாக அந்த ஜன்னலில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

பாய்ந்து எடுக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். சாமிக்கு வைத்ததை விடிந்துதான் எடுக்க வேண்டும், நீ வேண்டுமென்றால் கும்பிட்டுக்கொள் என்றாள். வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்ன ஜென்மமோ நான்.

காலையில் சந்தனம் காய்ந்து தட்டோடு பிடித்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். முதல் ஃபிளாப்பியைப் போட்டதும் டிரைவ் கரகரவென்று கத்திவிட்டு, படிக்க முடியவில்லை என்று திரையில் காட்டியது. இரண்டாவதும் அதே கத்தல். டிரைவ் கெட்டுப்போச்சு என்று சென்டர்காரர் எகிறினார். பெங்களூர்க்காரர் நல்ல மனிதர், என்ன ஆயிற்று என்று பொறுமையாகக் கேட்டார். சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி எழுதி அனுப்புங்கள் என்று தோளைத் தட்டிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். அதற்கு முன்பும் பின்பும் அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. "யாரைக் கேட்டுங்க எடுத்தீங்க? பொட்டு வெச்சு அழிச்சுப்போட்டீங்களே!" என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே ஒன்றும் புரியாமல்தான் என்னைப் பார்த்தார்.

"பொட்டு வெச்சா லேத்து ஓடுலியா? டிரில்லிங் மெஷின் ஓடுலியா? உன்ற தட்டு மட்டும் ஓடாதுங்கிறியா? நீ செஞ்சதுல ஏதோ கோளாறு கண்ணு."

அம்மா மெதுவாகச் சொன்னாள். பீரோவில் இருந்து எடுத்து வந்தது அப்பாவேதானாம். உறையோடு வைத்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று அவரே கழற்றினாராம். பொட்டு வைக்க அதில் அந்த ஓர் இடம்தான் வாகாக இருந்ததாம். வெர்னியரை நகர்த்திவிட்டு நடுவில் வைத்தாராம். நான் செய்வதைத் தொழில் என்று அவர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அதை இன்னொரு நாள் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாதா!

பேச்சு மாறக் கூடாது என்றாரே, நானும் மாறவில்லை. அடுத்த நாளே பட்டறைக்குப் போனேன். மறுபடி எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பகலெல்லாம் சாஃப்ட் கடைந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மேல்மடைக்காரனை எப்படி அடக்கினேன் என்பதே நினைவுக்கு வரவில்லை. சென்டருக்குப் போவது மெல்ல நின்றது. கேட்டவர்களிடம் எல்லாம் அப்பாவைத்தான் குறை சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு லேத்தைக் கழுவி, மாலை போட்டு, இலை விரித்தாயிற்று. அப்பா இலையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே வந்தவர் நடுவில் இடம் விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்தத் தட்டு எங்க கண்ணு? எடுத்துட்டு வா. இந்த வருசமாச்சும் ஓடட்டும்."

தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வீட்டுக்குள் போய் பீரோவைத் திறந்து இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் உறையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே இடத்தில் பொட்டு வைத்தார்.