மடையில் நின்ற கனவான்

என் கணவருக்கு வலங்கைமான் பக்கம் நாலு மா நிலம். அதைவிட அவருக்கு நெருக்கமானவர், டிவியில் தமிழ் டப்பிங் படங்களில் வருகிற ஒரு வெள்ளைக்காரக் கனவான். கோட்டு, தொப்பி, கையில் கத்தி ஒளித்த கைத்தடி. ஓடும் ரயிலின் கூரையில் சண்டை போடுவார், கோட்டு கசங்காது. கதவை உடைத்து உள்ளே போனாலும் முதலில் "மன்னிக்கணும் அம்மணி" என்பார், தமிழில்தான். இதுவரை மூன்று நடிகர்கள் அந்த வேஷத்தைப் போட்டுவிட்டார்கள். என் கணவர் எல்லாப் படத்தையும் மனப்பாடம் ஆகும்வரை பார்த்தவர். சாப்பிட்ட தட்டை மட்டும் இன்றுவரை எடுத்து வைத்ததில்லை. கனவான் படத்தில் தட்டு கழுவுகிற காட்சி இல்லையாம்.

போன சம்பாவில், நட்ட நாலாம் நாள், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. மேல்வயல்காரர் மடையை அடைத்துவிட்டார். வழக்கமாக எங்கள் வரப்பில் நின்றே கத்துகிற என் கணவர், அன்று தேய்த்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"சண்டை வேண்டாம், கனவானா பேசிப் பாக்குறேன்."

பயத்தில் நானும் கூடப் போனேன்.

மேல்வயல்காரர் வெற்றிலையை மென்றபடி வரப்பில் நின்றிருந்தார். இவர் ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, குரலைத் தாழ்த்தி, "மன்னிக்கணும். அடைப்பை நீங்க எடுக்கிறீங்களா, இல்ல நான் எடுக்கட்டுமா?" என்றார்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இது படத்துல ரெண்டாவது ஆளு பேசுறதுல்ல? மொத ஆளு இவ்வளவு இழுக்க மாட்டாருங்க."

"ரெண்டாவது ஆளுக்கு என்ன குறைச்சல்?"

"தொப்பியைக் கழட்டவே தெரியாதே அவருக்கு!"

அவ்வளவுதான். யார் அசல் கனவான் என்று வரப்பில் வழக்கு நடந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, கிடந்த மண்வெட்டியால் அடைப்பை வெட்டிவிட்டேன். தண்ணீர் பாய்ந்தது. இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு மேல்வயல்காரரின் மனைவி ஓடிவந்தார். "அடிச்சுக்கிறாங்களா?"

"இல்லக்கா, சினிமா."

"எங்க வீட்லயும் இதே பாடுதான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். காலையில் அவர்களுக்கு, மதியத்துக்கு மேல் எங்களுக்கு என்று நானும் அக்காவும் அங்கேயே தண்ணீர் முறை பேசிக்கொண்டோம்.

"பேசியே தீர்த்துட்டேன் பாத்தியா" என்றார் என் கணவர், வீடு திரும்பும்போது. சட்டையில் ஒரு பொட்டு சேறு இல்லை.

இப்போது கனவான் வேஷத்துக்கு நாலாவது ஆள் வந்திருக்கிறார். அவர் சரிப்பட மாட்டார் என்று படம் பார்க்கும் முன்பே இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதை உறுதி செய்துகொள்ள, படம் வந்த முதல் நாளே நாங்கள் நாலு பேரும் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினோம். படத்தில் புது ஆள் மழையில் ஒரு கிழவியின் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

"கனவான் மூட்டை தூக்குவானா?" என்று இருவரும் ஒரே குரலில் கொதித்தார்கள்.

அக்கா என் கையைக் கிள்ளினார். எங்கள் இருவருக்கும் அந்தப் புது ஆளை ரொம்பப் பிடித்திருந்தது.