மாரியண்ணன் கேட்ட ஒரு வரி

மாரியண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தான். ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. மட்டாஞ்சேரியில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன சாயில் டெஸ்ட் கம்பெனியில் அவர்தான் ஆபரேட்டர். கட்டடம் வரப்போகிற இடத்தில் துளை போட்டு, அடியில் என்ன மண், என்ன கல் என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவார். அதை ரிப்போர்ட்டாக டைப் செய்வது நான்.

தொண்ணூறுகளின் கடைசி. கொச்சியில் எங்கே பார்த்தாலும் பிளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். நான் இங்கேயே பிறந்தவள், மலையாளம் படித்தவள். அவர் அரியலூர்ப் பக்கம்.

மற்றவர்கள் சைட்டிலிருந்து சேற்றோடு வருவார்கள். அண்ணன் சட்டைப் பையில் சிப்பியோடு வருவார். கழுவித் துடைத்து என் கீபோர்டு பக்கத்தில் வைப்பார்.

"நாப்பதடி ஆழத்துல கெடந்துச்சு லதா. ஒரு கீறல் இல்ல பாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலு பேரை ரயிலேற்றிக் கொல்லத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து பஸ், பிறகு தோணி. இறங்கினால் காயலோரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பாறை.

"சேட்டா, கல்லு காணானோ இத்ர தூரம் வந்தது?" என்று லேப் ஷாஜி கேட்டான். வெறும் கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று அவனுக்கு.

கிட்டப் போனதும் அவன்தான் முதலில் குனிந்து தொட்டுப் பார்த்தான். பாறை முழுக்கச் சங்கும் சிப்பியும், புளிச்சாதத்தில் கடலை மாதிரி. எல்லாம் கல்லாகிப்போனவை. கோடிக்கணக்கான வருஷம் என்றார் அண்ணன்.

"கீழ விழுந்து கெடக்கிறத எடுத்துக்கோங்க. பாறையில இருக்கிறத மட்டும் பேத்தெடுக்க வேணாம்."

திரும்பி வரும்போது தோணியில் சொன்னார். "எங்கூர் ஓடையில இதைவிடப் பெரிய சங்கெல்லாம் கெடக்கும். இப்ப தோண்டித் தோண்டி சிமென்ட் ஆக்கிட்டாங்க. திருவக்கரையில கல்லாப்போன மரத்துக்கு வேலி போட்டு, காவல் வச்சு, பிள்ளைங்க வந்து பாத்துட்டுப் போவுது. அந்த மாதிரி இங்க செய்யலாம்ல?"

மூன்று வருஷம் கழித்து அந்த இடமே எங்களுக்கு வேலையாக வந்தது. ஒரு ரிசார்ட்.

அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வேறு யாராவது போனால் வெறும் கல் என்று எழுதிவிடுவார்களாம்.

அங்கே பஞ்சாயத்து மெம்பரையும் பார்த்துப் பேசியிருக்கிறார். ரிப்போர்ட்டில் எழுத்தாக இருந்தால் கட்டடத்தைத் தள்ளிக் கட்டச் சொல்லலாம் என்றாராம் மெம்பர். அண்ணன் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ரிமார்க்ஸ்ல ஒரு வரி சேத்துடு லதா. காயலோரம் பழைய சிப்பிப் பாறை இருக்கு, இருபதடி உள்ள தள்ளிக் கட்டினா பாறை தப்பிக்கும்னு."

சேர்த்தேன். கம்பெனி முதலாளி, எங்கள் சார், படித்துப் பார்த்தார். சத்தமெல்லாம் போடவில்லை.

"நமக்கு மண்ணின்டெ பலம் பறஞ்ஞால் மதி லதே. இது வேண்டா."

மண்ணின் பலத்தைச் சொன்னால் போதுமாம், இது வேண்டாமாம். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. நான் அந்தப் பக்கத்தைத் திரும்ப டைப் செய்தேன். அந்த மாசம்தான் என் வேலை நிரந்தரமாகியிருந்தது.

சாயங்காலம் அண்ணன் கேட்டார். "அந்த வரி இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன்... தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை. அன்று ஆபீஸில் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாசம் போயிற்று. வேலை ஆரம்பித்துவிட்டது என்று யாரோ சொல்ல, லீவு போட்டுப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போயிருக்கிறார். ரிப்போர்ட்டில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று தைரியமாகச் சொல்லியிருக்கிறார். அவர் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்களாம்.

மறுநாள் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"சார் எடுக்கச் சொன்னாரா?"

தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தனியா ஒரு மனு எழுதிக் குடுத்திருப்பேன்ல. இப்ப பாறைய மூடி மதில் கட்டி கான்கிரீட் ஊத்திட்டாங்க."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதற்கப்புறமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டுக்கொள்ளலாம், கேட்டுக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷம்...

மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து இரண்டு மணிக்கு எடுக்கிறார்களாம். திருப்பூணித்துறையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறேன். பஸ் தோப்பும்படிப் பாலத்தில் அரைமணி நேரமாக நிற்கிறது.

நான் வருவதற்குள் எடுத்துவிடாதே என்று அவர் மகனிடம் சொல்லியிருக்கிறேன். வந்துட்டே இருக்கேன் மாரியண்ணே.