மைத்துனனோடு கடைசி இரண்டு நாள்

அந்த மலையாற்றில் இறங்கிவிட்டால் ஆறு நாள் கழித்துத்தான் வெளியுலகம். நடுவே சாலை கிடையாது, போன் எடுக்காது, இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. உள்ளே போனவர்கள் ஆற்றோடு போய்த்தான் வெளியே வர முடியும். இருபது வருஷமாக அதில் ரப்பர் படகு ஓட்டிப் பயணிகளைக் கூட்டிப்போனவரை எல்லாரும் துடுப்புக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் மனைவி அதே நிறுவனத்தில் வேன் ஓட்டினாள். ஆட்களை மேலே இறக்கிவிட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு போய், ஆறாம் நாள் கடைசித் துறையில் வண்டியோடு நிற்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புகுந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்த சொத்து அவன் ஒருத்தன்தான் என்று துடுப்புக்காரர் கேலி செய்வார். வளர்ந்தபின் அவனும் ஆற்று வேலைக்கே வந்தான். ஒற்றை ஆள் உட்காரும் சின்ன நீலப் படகு அவனுடையது. ரப்பர் படகுக்கு முன்னால் போய், தண்ணீரில் விழுந்தவர்களைக் கொத்திக்கொண்டு வருவான். அதனால் மீன்கொத்தி என்று பெயர்.

மாமனும் மாப்பிள்ளையும் வாயாடுவதைக் கேட்கவே பயணிகள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அந்த முறை பயணிகள் ஆறு பேர். நாலாம் நாள் மேலே எங்கோ பெருமழை பெய்து ஆறு செம்மண் நிறமாகிவிட்டது. தண்ணீர் பாறைகளுக்கு நடுவே சீறி இறங்கும் பெரிய பாய்ச்சலுக்கு முன் படகுகளைக் கரையில் கட்டிவிட்டு, எல்லாரும் பாறைமேல் ஏறிப் பார்த்தார்கள்.

"மாமா, வேணாம். படகைத் தூக்கிட்டுக் கரையோட நடந்துடலாம்" என்றான் மீன்கொத்தி.

"அரை நாள் போயிடும்டா மாப்ள. இவங்களைப் பாரு, நிக்கவே முடியல."

"அந்த வலது பக்கத்துப் பாறையைப் பாருங்க. தண்ணி அடியில இழுக்குது."

"நான் என்ன நேத்துப் பொறந்தவனா? உனக்குப் பயமா இருந்தா நீ நடந்து வா."

வழக்கமான கிண்டல்தான். ஆனால் சுற்றி ஆறு பேர் நின்று சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "சரி, நீங்க சொன்னா சரி" என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

பாதி வழியில் ரப்பர் படகு ஒருக்களித்தது. பயணிகளில் ஒரு பள்ளி ஆசிரியை தண்ணீரில் விழுந்தாள். மீன்கொத்தி குறுக்கே பாய்ந்து, தன் படகின் வாலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவளை இழுத்துக்கொண்டு வந்தான். துடுப்புக்காரர் எறிந்த கயிறு அவள் கைக்கு எட்டியது. அவளை விடுவித்த அந்த நொடியில் நீரோட்டம் அவனை வலது பக்கத்துப் பாறைக்கு இழுத்துக்கொண்டது. சற்று நேரத்தில் நீலப் படகு மட்டும் கவிழ்ந்தபடி வெளியே வந்தது.

பொழுது சாயும்வரை துடுப்புக்காரர் கரையெல்லாம் ஓடி ஓடிக் கத்தினார். மறுநாள் காலையில், கொஞ்ச தூரம் கீழே, ஆற்றில் சாய்ந்து கிடந்த மரத்தில் அவன் சிக்கியிருந்தான்.

இன்னும் இரண்டு நாள் ஆறு பாக்கி இருந்தது. வேறு வழியே இல்லை. கூடாரத் துணியில் அவனைச் சுற்றி, படகின் நடுவே மூட்டைகளோடு சேர்த்துக் கட்டினார். நீலப் படகை மேலே வைத்தார். வெயில் ஏறும்போதெல்லாம் தொப்பியில் தண்ணீர் மொண்டு துணியை நனைத்தார். படகு குலுங்கினால் ஒரு கை தானாகக் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டதால் அவரால் பயணிகளுக்குத் துடுப்புப் போடச் சொல்லிக் குரல் கொடுக்க முடியவில்லை. ஆசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையைக் காட்ட, அவள் "முன்னாடி! நிறுத்து! பின்னாடி!" என்று அழுதுகொண்டே கூவினாள்.

கடைசிப் பகலில் அவள் மெல்லச் சொன்னாள்: "வீட்டுல கேட்டா, தண்ணி திடீர்னு ஏறிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க யாரும் வேற எதுவும் சொல்ல மாட்டோம்."

அவர் தொப்பியில் தண்ணீர் மொண்டு மறுபடியும் துணியை நனைத்தார்.

துறையில் மனைவி வேன் கதவைத் திறந்து வைத்து, துண்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே ரப்பர் படகின் மேல் நீலப் படகைப் பார்த்துவிட்டாள்.

"என்ன, மீன்கொத்தித் துரை இன்னைக்குச் சொகுசா ஏறி வர்றாரா? கைவலியா?" என்று சிரித்தபடியே தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். படகில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூடாரத் துணியைப் பார்த்ததும் அவள் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டாள்.

துடுப்புக்காரர் குதித்து இறங்கினார். "அவன் வேணாம்னான். நான்தான் எறங்கலாம்னு சொன்னேன். பயந்தா நடந்து வாடான்னு சொன்னேன்."

"நீயா சொன்ன?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை. கையை ஓங்கினாள். அது பாதியில் நின்றுவிட்டது. தம்பியின் தலைமாட்டைத் தானே பிடித்துத் தூக்கினாள். வேறு யாரையும் வண்டி ஓட்ட விடவில்லை.

அதன்பின் அவர் ஆற்றில் இறங்கவில்லை. நிறுவனத்தின் கொட்டகையில் கிழிந்த படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறார். அவள் இன்னும் வேன்தான் ஓட்டுகிறாள். வீட்டில் தம்பியின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். சாப்பாடு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம், பழுதான படகை வேனில் கொண்டுவந்து இறக்கியவளிடம் அவர் கேட்டே விட்டார்: "என்னை மன்னிக்கவே மாட்டியா?"

அவள் வண்டிச் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"மன்னிச்சா, அவன் போனது சரின்னு ஆயிடும் போல இருக்கு" என்றாள். "அதான் முடியல. உங்களை விட்டுட்டுப் போகவும் முடியல. நான் என்னதான் பண்றது, சொல்லுங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படகைக் கொட்டகைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள்.