அக்கா வீட்டு வெந்நீர்

ஸ்டாக்ஹோமில் வெளியே பனி கொட்டும்போது வீட்டுக்குள் நான் வெறுங்காலோடு நடக்கிறேன். தரை வெதுவெதுப்பாக இருக்கிறது. போர் போட்டுக் குழாய் இறக்கி, பூமியின் சூட்டை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்குத்தான் போர் போடுவோம் என்று கூட வேலை செய்யும் லார்ஸிடம் ஒருமுறை சொன்னேன். "ஐயோ, அப்படியானால் வீட்டுக்குச் சூட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்று பரிதாபப்பட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மண்ணின் சூட்டை அளப்பதுதான் என் பிழைப்பு. போன மார்கழியில் அந்த வேலைக்காகவே என் சொந்த ஊரான கவரைப்பேட்டைப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே கட்டப்போகும் ஒரு தொழிற்சாலையின் அஸ்திவாரத் தூண்களுக்குள் குழாய் பதித்து, கட்டடத்தின் சூட்டை மண்ணுக்குள் தள்ளுவதாகத் திட்டம். மண் எவ்வளவு தாங்கும் என்று முதலில் தெரிய வேண்டுமே. துளை போட்டு, சென்சார் கட்டிய ஒயரை இறக்கினேன். கொஞ்ச ஆழம் போனால் வெப்பம் ஒரே நிலையில் நின்றுவிடும். இங்கே ஈரமணல் அடுக்கு வந்ததும் ஏறியது, அதைத் தாண்டியதும் இறங்கியது.

"மெஷினு பேஜாரு பண்ணுதா சார்?" என்றார் சூப்பர்வைசர்.

வேறு சென்சார் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான். சுற்றியிருக்கும் ஆலைகளில் எதுவோ சூடான கழிவுநீரைப் பூமிக்குள் விடுகிறது. அந்த மணலில் தண்ணீர் ஓடும் திசையில், நாலு வயல் தள்ளித்தான் அக்கா வீடு.

சாயங்காலம் போனதும் அக்கா பக்கெட்டை நிரப்பி வைத்தாள். "கீசர்லாம் வாணாண்டா. நம்ம போர்லயே வெந்நீர் வெச்ச மாதிரி வருது. முன்னல்லாம் இப்டி வராது" என்றாள் பெருமையாக. பிரசவத்துக்கு வந்திருக்கும் அவள் மகள் ரேவதி, ஏழு மாத வயிற்றோடு அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணிய குடிக்காதீங்கக்கா. அடியில கழிவு கலக்குது."

"நாங்க இன்னா செத்தா பூட்டோம்? ஸ்வீடன் போனதும் நம்மூட்டுத் தண்ணி உனக்கு ஆவல, அதானே?"

அவள் முகம் சுண்டிப்போனது. துளையில் எடுத்த தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன், முடிவு வரவில்லை. சூட்டைத் தவிர என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. பயத்தில் கத்தினேன். அக்கா கடைக்குப் போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குக் கேன் தண்ணீர் வைத்தாள், ரேவதிக்குப் போர்த் தண்ணீர். என் டம்ளரை ரேவதி பக்கம் நகர்த்தினேன். அவள் சிரித்துக்கொண்டே அதை என்னிடமே திருப்பித் தள்ளினாள்.

"விருந்தாளிக்குன்னு வாங்கினது மாமா, நீங்க குடிங்க" என்று தன் டம்ளரை எடுத்து அண்ணாந்தாள்.